நடுகல்: சொல்லும், நாட்டும் முறையும்

எல்லையில் உயிர் கொடுத்த படை அதிகாரிக்கு ஊரில் ஒரு கல் வைத்தால், அழைப்பிதழில் அதற்கு ‘நினைவுத் தூபி’ என்று பெயர் போடுகிறார்கள். சுவரொட்டியில் அதுவே ‘நினைவுச் சின்னம்’ ஆகிறது. பேச்சு வழக்கில் ‘மெமோரியல்’ என்பார்கள், சிலர் ‘சமாதி’ என்றும் சொல்லிவிடுகிறார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் பொருள் வேறு. போரில் இறந்தவரின் பெயரையும் செயலையும் எழுதி மண்ணில் ஊன்றிய கல்லுக்குத் தமிழில் இரண்டாயிரம் ஆண்டுகளாக வழங்கிவரும் பெயர் நடுகல். மதுரைச் சீமையில் இந்தச் சொல்லைப் புதிதாகப் பழக்க வேண்டிய தேவையும் இல்லை. இதன் மிகப் பழைய சான்றுகள் வைகைக் கரையிலேயே கிடைத்திருக்கின்றன.

முதலில் எழுத்து. நடு + கல் என்பது வினைத்தொகை. நட்ட கல், நடுகின்ற கல், நடும் கல் என மூன்று காலத்துக்கும் பொருந்தும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுகாடு என்று எழுதுவது போலத்தான் நடுகல்லும். ‘நடுக்கல்’ என்று வெட்டிவிட்டால் நடுவில் இருக்கிற கல் என்று பொருள் மாறிவிடும். அடிக்கடி நேரும் பிழை இது. நினைவுக்கல், நினைவுத்தூண், நினைவுச் சின்னம் ஆகியவற்றில் ஒற்று மிக வேண்டும், அங்கேயோ அதை விட்டுவிடுகிறார்கள். ஃபிளெக்ஸில் வந்த பிழையை மறுநாளே கழற்றிவிடலாம். கல்லில் வந்ததைப் பேரப்பிள்ளைகள் காலம்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படிகளாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். தகுந்த கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அதைக் கொண்டுவரும் வேலையைத் தொடங்குவது கால்கோள். நீராட்டுவது நீர்ப்படை. பிறகு நடுவதும், அதற்குச் சிறப்புச் செய்வதும், வாழ்த்துவதும். மதுரையை எரித்துவிட்டுப் போன கண்ணகிக்குச் சேரன் கல்லெடுத்த கதையைச் சொல்லும் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்றே காதைகளுக்குப் பெயர் வரிசையாக அமைந்திருக்கிறது. கல் எப்படி இருந்தது என்பதைப் புறநானூற்றின் 264ஆம் பாட்டு பக்கத்தில் நின்று காட்டுகிறது. பரல்கல் நிறைந்த மேட்டில் பதுக்கை என்னும் கற்குவை சேர்த்து, மரல் நாரால் தொடுத்த சிவந்த பூங்கண்ணியோடு மயிற்பீலி சூட்டி, பெயர் பொறித்துக் கல்லை நட்டார்கள் என்கிறது அது. இதில் ‘பெயர் பொறித்து’ என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பெயரில்லாத கல்லை நடுகல்லாக அந்தக் காலமும் எண்ணவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில், வைகையை ஒட்டிய புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டறிந்தார்கள். அவற்றில் ஒன்றின் வாசகம்: ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’. கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்த, பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனுக்கான கல் என்று இதற்குப் பொருள் கொள்கிறார்கள். ஆநிரை கவர்தலைக் குறிக்கும் ஆகோள் என்ற சொல்லைத் தொல்காப்பியமும், அந்தச் சண்டையைப் பேசும் வெட்சித் திணையில் ஆள்கிறது. இது என்ன கல், யாருக்கு, அவர் எந்த ஊர், எங்கே எந்தச் சண்டையில் இறந்தார் என எல்லாமே ஏழு சொல்லில் முடிந்துவிட்டது. புகழ்மொழி ஒன்றுகூட இல்லை. இன்று வாசகம் எழுத உட்காருகிறவர்கள் இந்த ஒரு வரியை முன்னால் வைத்துக்கொண்டால் போதும்.

இனி மற்றச் சொற்கள். பதுக்கை என்பது இறந்தவர் உடல்மேல் குவித்த கற்குவை. கல்லறை முதலில் கல்லால் ஆன அறையையும் குகையையும் குறித்தது, பிறகு புதைத்த இடத்துக்கு ஆகிவந்தது. சமாதி வடசொல். கல்லறை, சமாதி இரண்டையும் உடல் உள்ள இடத்துக்கு மட்டுமே சொல்ல வேண்டும். மதுரை சம்மட்டிபுரத்தில் கம்மந்தான் கான்சாகிபு அடங்கிய இடம் அப்படிப்பட்டது. 1764 அக்டோபர் 15இல் தூக்கிலிடப்பட்ட அந்தப் படைத்தலைவரின் உடல் கிடக்கும் இடத்தின்மேல் 1808இல் பள்ளிவாசல் எழுந்தது. அதை நடுகல் என்பது பொருந்தாது. அதேபோல, டெல்லியிலோ வேறு ஊரிலோ எரியூட்டிய அதிகாரிக்குச் சொந்த ஊரில் கல் வைத்துவிட்டு அதைச் சமாதி என்பதும் பொருந்தாது. உடல் இல்லாமல் எழுப்பும் நினைவிடத்தை ஆங்கிலேயர் செனடாப் என்பார்கள், வெறுமையான கல்லறை என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. சென்னையின் செனடாப் சாலைக்குப் பெயர் வந்ததும் இதனால்தான். அதற்காக ‘வெற்றுக்கல்லறை’ என்று ஒரு சொல்லைக் கட்டத் தேவையில்லை. உடல் வேறெங்கோ இருக்க ஊரில் நிற்கும் பெயர்க்கல்லுக்கு நடுகல் என்பதே தாராளமாகப் பொருந்தும்.

தூபி, ஸ்தூபத்திலிருந்து வந்தது. கோயில் விமானத்து உச்சியையும் அப்படிச் சொல்வார்கள். கூம்பி உயர்ந்த கட்டுமானமாக இருந்தால் தூபி என்று எழுதலாம், நான்கடிப் பலகைக்கல்லுக்கு அந்தப் பெயர் ஒட்டாது. தூண் என்றால் தூண். மதுரை விளக்குத்தூணும் கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்த நினைவுத்தூண்தான். வீரக்கல் என்பதும் நல்ல வழக்கே, கன்னடத்தில் வீரகல். நினைவுச் சின்னம் பொதுச்சொல். கல், மண்டபம், பூங்கா எல்லாவற்றையும் அதற்குள் அடக்கலாம், ஆனால் எதையும் குறிப்பாகச் சொல்லாது.

நடுகற்களில் வரும் வினைச்சொல் ‘பட்டான்’. சண்டையில் இறந்தான் என்று பொருள். செங்கம் பகுதிக் கற்களில் ‘எறிந்து பட்டான்’ என்பது திரும்பத் திரும்ப வருகிறது. தென்பாண்டிச் சீமையில் பட்டவன் என்ற பெயரில் கும்பிடப்படும் சாமிகளின் பெயரிலும் அந்த வினையே இருக்கிறது. ‘வீரமரணம் அடைந்தார்’ என்று எழுதுவதில் தவறு கிடையாது. ஆனால் ‘போரில் பட்டார்’ என்று எழுதினால் எழுத்தும் குறைவு, சொல்லும் பழையது. ‘இயற்கை எய்தினார்’, ‘காலமானார்’ இரண்டும் கூடவே கூடாது. இன்னொரு சொல்லையும் இங்கே சொல்லிவிட வேண்டும்: உதிரப்பட்டி. போரில் பட்டவரின் குடும்பத்துக்கு விட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் இப்படிக் குறிக்கின்றன. கல்லோடு சேர்த்துக் குடும்பத்தின் பிழைப்புக்கும் வழி செய்திருக்கிறார்கள்.

படைப்பதவியைத் தமிழாக்கக் கூடாது. லெப்டினன்ட், கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல், பிரிகேடியர் என்று ஒவ்வொன்றும் ஒரு படிநிலை, ‘படைத்தலைவர்’ என்று எழுதினால் அந்தப் படி தெரியாமல் போகும். பிரிவைக் குறிப்பிடும்போதுதான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. சேர்ந்த ரெஜிமென்ட் ஒன்று, இறக்கும்போது பணியாற்றிய பிரிவு வேறொன்று என்று இருக்கலாம். மேஜர் முகுந்த் வரதராஜன் ராஜ்புத் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர். 2014 ஏப்ரல் 25இல் சோபியானில் பட்டபோது 44ஆவது ராஷ்ட்ரிய ரைபிள்ஸில் இருந்தார். இப்படிப்பட்ட நிலையில் இரண்டையும் எழுத வேண்டும். விருதின் பெயரோடு அது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டதையும் குறிக்க வேண்டும். மாதிரிக்கு, 1999 கார்கில் போரில் பட்ட மேஜர் சரவணனை எடுத்துக்கொண்டால் ‘மேஜர் மா. சரவணன், வீர் சக்ரா (மறைவுக்குப் பின்), பிகார் ரெஜிமென்ட், படாலிக், 29.5.1999இல் பட்டார்’ என்றால் முடிந்தது. கவிதை வேண்டுமென்றால் பின்பக்கத்தில் வெட்டிக்கொள்ளலாம்.

கல்லுக்கு வருவோம். மேலூர்ப் பக்கத்து வெளிர்நிறக் கிரானைட்டில் மணி (கல்லின் துகள்) பெரிதாக இருக்கும். அதில் சிறிய எழுத்தை வெட்டினால் ண, ற, ணை போன்றவற்றில் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய கல் உதிர்ந்துவிடும். இந்தக் கல்லில் ஒன்றரை அங்குலத்துக்குக் குறைந்த எழுத்து வேண்டாம். மணி நெருங்கிய கருங்கிரானைட்டில் ஓர் அங்குலம் தாங்கும். கையுளியால் வெட்டினால் ஆழம் 4 முதல் 5 மில்லிமீட்டர், மணல் பீய்ச்சி வெட்டினால் 2 முதல் 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதற்கும் குறைவாக வெட்டித் தங்க நிறப் பெயின்ட் அடித்தால், பெயின்ட் வெளிறியதும் எழுத்தும் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைச் சலவைக்கல் திறந்த வெளிக்கு ஆகாது. மழையில் அதன் முகம் அரித்துச் சொரசொரப்பாகிவிடும்.

எழுத்துப் பிழை பெரும்பாலும் உளிக்கு முன்பே, கணினியில் நுழைந்துவிடுகிறது. யூனிகோடில் அனுப்பிய வாசகத்தைக் கடைக்காரர் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ஒற்றைக்கொம்பு இடம் மாறும், க்ஷ உடையும், புள்ளி காணாமல் போகும். வாட்ஸ்அப்பில் படம் பார்த்துச் சரி என்று சொல்லிவிடக் கூடாது. முழு அளவில் தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, வீட்டார் ஒருவரும் உடன் பணியாற்றிய படையினர் ஒருவரும் எழுத்தெழுத்தாகப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே வெட்டச் சொல்ல வேண்டும். தேதியைத் தனியாக ஒருமுறை பார்க்க வேண்டும்.

நடும் இடத்தில் மண்ணைப் பார்க்க வேண்டும். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். மேலாகத் தோண்டி நட்ட கல் சில ஆண்டுகளில் சாய்ந்துவிடும். சரளையோ கெட்டித் தரையோ தட்டும்வரை தோண்டி, மணல் நிரப்பித் தண்ணீர் விட்டு இறுக்கி, அதன்மேல் சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு என்ற கலவையில் கான்கிரீட் போட வேண்டும். ஆறடிக் கல்லென்றால் அடியில் இரண்டடி மண்ணுக்குள் போக வேண்டும். வாசகத்தை அதற்கேற்ப மேலே ஏற்றி அமைக்காவிட்டால் கடைசி வரி புதைந்துவிடும். ஆறடி உயரம், இரண்டடி அகலம், அரையடி கனமுள்ள கல் சுமார் 450 கிலோ இருக்கும். ஆள்பலத்தால் நிமிர்த்தப் பார்த்தால் அடிமுனை பெயர்ந்துபோகும், செயின் பிளாக் (சங்கிலித் தூக்கி) வைத்துத்தான் இறக்க வேண்டும். செங்கல் பீடம் கட்டி அதில் மெல்லிய கிரானைட் பலகையை ஒட்டுவதானால் சிமெண்ட்டை மட்டும் நம்ப வேண்டாம். பின்னால் தண்ணீர் இறங்கிப் பலகை கழன்றுவிடும். துருப்பிடிக்காத எஃகு முளை நான்கு கொடுத்து எபாக்ஸியில் பொருத்த வேண்டும். சாதா இரும்பு முளை துருவழிந்து கல்லில் பழுப்புக் கோடு போட்டுவிடும்.

சாலையோரத்தில் இடம் கேட்டு அலைய வேண்டாம். பொதுச்சாலை, நடைபாதை போன்ற இடங்களில் சிலையோ கட்டுமானமோ வைக்க மாநிலங்கள் அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் ஆணையிட்டிருக்கிறது. சொந்தப் பட்டா நிலம், இல்லையென்றால் நிர்வாகம் எழுத்தில் ஒப்புக்கொண்ட பள்ளி வளாகம், இவையே சரியான இடம். நான்முகச் சிங்கச் சின்னத்தைத் தனியார் கல்லில் செதுக்கக் கூடாது, 2005ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. ரெஜிமென்ட் முத்திரை வேண்டுமென்றால் அந்த ரெஜிமென்ட்டிடமே கேட்டுப் பெற வேண்டும். நட்ட பிறகு நினைவு நாளில் மாலையும் விளக்கும் போதும். எழுத்தில் எண்ணெயும் சந்தனமும் அப்பினால் தூசியும் புகையும் சேர்ந்து குழி அடைந்துவிடும், பழைய கற்கள் பலவற்றைப் படிக்க முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். கழுவத் தண்ணீரும் மென்மையான நைலான் பிரஷும் போதும். ஆசிட் பட்டால் கல்லில் உள்ள இரும்பு மஞ்சளாகக் கசியும்.

கடைசியாக வீட்டில் இருப்பவை. விழா மேடையில் கொடுக்கும் மெமெண்டோவும் ஷீல்டும் நினைவுப் பரிசு. அவர் உடுத்திய சீருடை, தொப்பி, பதக்கம், பெட்டிமேல் போர்த்திய கொடி ஆகியவை நினைவுப்பொருள். பராமரிப்பும் வேறு வேறு. வீர் சக்ரா வெள்ளி. வெள்ளி விளக்கைத் திருநீறு போட்டுத் தேய்ப்பது போல அதைத் தேய்த்துவிடக் கூடாது. பதக்கத்தை விளிம்பு தெரியப் பக்கவாட்டில் பிடித்தால் பொடி எழுத்தில் பெயரும் எண்ணும் வெட்டியிருப்பதைப் பார்க்கலாம். சில முறை தேய்த்தாலே அது மழுங்கிவிடும். அசோக சக்ரா தங்க முலாம் பூசியது, தேய்த்தால் முலாமே போகும். ரப்பர் பேண்ட், கம்பளி, செய்தித்தாள் ஆகியவற்றோடு வைத்தால் வெள்ளி கறுக்கும். ரிப்பனுக்கு வெயில் ஆகாது, கண்ணாடிச் சட்டத்தை சன்னலுக்கு எதிரே மாட்டக் கூடாது. கண்ணாடி துணியைத் தொடாதபடி அரை அங்குலமாவது இடைவெளி விட வேண்டும்.

கொடியைக் குழியில் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது என்பது கொடிச் சட்டத்தொகுப்பின் விதி. அதனால்தான் அது குடும்பத்தின் கைக்கு வருகிறது. அதைக் கஞ்சியில்லாமல் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மரப்பலகையில் நேரே படாமல் வைக்க வேண்டும். அந்துருண்டையைக் கொடியின்மேல் போடாமல், தனிப் பையில் கட்டிப் பெட்டியின் மூலையில் வைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை அரை அங்குலம் தள்ளி மடித்தால், மடித்த கோட்டில் நூல் இற்றுப் போகாது. சீருடையிலிருந்து தோள்பட்டை நட்சத்திரங்களையும் பெயர்ப்பட்டையையும் கழற்றித் தனியாக வைத்து, எது எந்தத் தோளில் இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்து வைக்க வேண்டும். அவற்றின் பித்தளை கசிந்து துணியில் பச்சைக் கறை படிந்தால் போகாது.