மழையில் நின்ற மரம் விடும் சாராய வாசம்

ஐப்பசி மழை விட்டுப் பத்து நாள் இருக்கும். செங்குன்றம் பக்கத்து நர்சரி ஒன்றுக்கு மாங்கன்று வாங்கப் போயிருந்தேன். ஒரு வரிசையில் நாலைந்து கன்றுகளின் தண்டிலிருந்து பல்குத்தும் குச்சி போல வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. "சின்னப் பசங்க யாரோ குச்சி சொருகிட்டாங்கன்னு நெனச்சேங்க" என்றார் கன்றுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்த அண்ணன்.

அது குச்சியில்லை, மரத்தூள். உள்ளே குடைகிற அம்ப்ரோசியா வண்டு பின்பக்கமாகத் தள்ளித் தள்ளி வெளியேற்றிய தூள். வண்டின் நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. அடிபட்ட கன்றுகள் எல்லாமே தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் நின்றவை. பத்தடி தள்ளி மேட்டில் இருந்த அதே ரகக் கன்றுகளில் ஒரு துளைகூட இல்லை.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் வேரில் இருக்கிறது. மண்ணில் காற்று இருக்க வேண்டிய சந்துகளை மழைநீர் நிரப்பிவிடுகிறது. காற்றில் பரவுவதைப் போல நீரில் ஆக்சிஜன் பரவுவதில்லை. சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மூச்சு முட்டிய வேர், ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையைச் சிதைத்து உயிரைப் பிடித்துக்கொள்கிறது. புளித்த மாவில் ஈஸ்ட் செய்வதும் இதே வேலைதான். இதில் மிஞ்சுவது எத்தனால், அதாவது சாராயத்தில் இருக்கிற அதே பொருள். அது தண்டில் ஏறிப் பட்டை வழியே கசிகிறது. நம் மூக்குக்கு எட்டாது, வண்டின் உணர்கொம்புக்கு எட்டிவிடும். இலை பச்சையாக இருக்கும்போதே, இந்த மரம் தவிக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது.

வண்டு மரத்தைத் தின்பதற்காக வருவதில்லை. தன் உடம்பில் உள்ள ஒரு சிறு பையில் பூஞ்சை வித்துகளைச் சுமந்து வந்து, குடைந்த சுரங்கத்தின் சுவரில் விதைக்கிறது. புழுக்களுக்கு அந்தப் பூஞ்சைதான் சோறு. மற்ற பூசணங்கள் வளரவிடாமல் எத்தனால் தடுக்கிறது, இந்தப் பூஞ்சையோ அதைத் தாங்கி வளர்கிறது. களையெடுத்துத் தந்த வயல் மாதிரி! ஆண் வண்டுகளால் பறக்க முடியாது. உள்ளேயே உடன்பிறந்த பெண்களோடு கூடிவிடும். வெளியே பறந்து வருவதெல்லாம் முட்டையிடத் தயாரான பெண் வண்டுகள்தான். அவை உள்ளே புகுந்துவிட்டால் எந்த மருந்தடித்தாலும் எட்டாது. அதனால் அவை கிளம்பும் நேரத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

மரம் விடும் வாசத்தை நாமே விட்டால் வண்டு நம்மிடம் வரும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் இரண்டு ஜன்னல் வெட்டுங்கள். மூடிப் பக்கம் சோப்புத் தண்ணீர் கொஞ்சம் நிற்கட்டும். உள்ளே சானிடைசரில் நனைத்த பஞ்சைக் கட்டுங்கள். எத்தனால் கலந்த சானிடைசரா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள், ஐசோபுரோபைல் வகை வேண்டாம். சென்னை வெயிலுக்குப் பஞ்சு சீக்கிரம் காய்ந்துவிடும், அவ்வப்போது நனைக்க வேண்டும். இந்த வண்டுகள் தாழப் பறப்பவை, ஆகவே தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் போதும். கன்றுகளுக்கு நடுவே கட்டிவிடாதீர்கள். ஓரத்தில், வேலிப் பக்கம் கட்டுங்கள். நடுவே கட்டினால் வண்டை நாமே விருந்துக்கு அழைத்தது போலாகிவிடும்.

மாந்தோப்பின் பெரிய எதிரியான தண்டு துளைப்பானுக்கு இந்தப் பொறி உதவாது. அதன் புழு விரல் நீளம் வளர்ந்து, மாதக்கணக்கில் அடிமரத்துக்குள் கிடக்கும். அதற்குக் கண்தான் கருவி: அடிமரத்தில் பிசின் வடிகிறதா, மரத்தூள் கொட்டிக் கிடக்கிறதா என்று பார்த்து, கொக்கிக் கம்பியால் புழுவைக் குத்தி இழுக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை பாட்டில் தண்ணீரை டீ வடிகட்டியில் ஊற்றி, விழுந்ததை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். கொசு, ஈ எல்லாம் கிடக்கும். பழுப்பாக, உருளையாக, மேலிருந்து பார்த்தால் தலையே தெரியாதபடி ஒன்று கிடந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பின்பக்கம் சரிவாக வெட்டிவிட்டது போல இருந்தால் அதுதான்.

முதல் வண்டு விழுந்த அன்றே பள்ளத்துக் கன்றுகளைச் செங்கல் மேல் ஏற்றுங்கள், தேங்கிய தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டுங்கள். துளைபட்ட கன்றைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். குப்பைமேட்டில் வீசினால், உள்ளே வளர்ந்த பெண் வண்டுகள் அங்கிருந்தே கிளம்பிப் பக்கத்து வரிசைக்குப் போய்விடும்.