மார்ச் 6-க்கு முன் ஒரு கையெழுத்து

ஆண்டுதோறும் மார்ச் 6-க்கு முன்பாக அமெரிக்க அரசிதழில் ஒரு சிறிய அறிவிப்பு வெளியாகிவிடும். உக்ரைன் தொடர்பான தேசிய அவசரநிலை மேலும் ஓராண்டு நீடிக்கும் என்பதே அதன் சாரம். ஒபாமா, டிரம்ப், பைடன், மறுபடியும் டிரம்ப் என்று எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் அனைவரும் அதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

உக்ரைனில் நடக்கும் சண்டைக்கு வாஷிங்டனில் எதற்கு அவசரநிலை? நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் 1975 நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது ஒரு பூட்டைத் திறக்கும் சாவி, அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து 'அசாதாரணமான' ஆபத்து வந்திருப்பதாகச் சொல்லி அவசரநிலையைப் பிரகடனம் செய்தால்தான், 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிபர் வெளிநாட்டாரின் சொத்துகளை முடக்க முடியும். கிரிமியாவுக்குள் ரஷ்யப் படைகள் நுழைந்ததையடுத்து, 2014 மார்ச் 6 அன்று ஒபாமா பிறப்பித்த 13660-ஆம் எண் ஆணை அப்படித்தான் வந்தது.

முடக்கம் என்றால் பறிமுதல் என்று பலர் நினைக்கிறார்கள். தடைப் பட்டியலில் பெயர் ஏறியவருடைய பணம் அவருடையதாகவே இருக்கும், எடுக்கத்தான் முடியாது. வங்கி அதை வட்டி தரும் தனிக் கணக்கில் போட்டுவைத்து, பத்து வேலை நாட்களுக்குள் அமெரிக்கக் கருவூலத் துறைக்குத் தகவல் தர வேண்டும். அவர் பினாமி நிறுவனங்கள் வழியாக நுழையப் பார்த்தாலும் கணக்கு உண்டு: பட்டியலில் உள்ள ஒருவருக்கு 30 விழுக்காடு, இன்னொருவருக்கு 20 விழுக்காடு என்று பங்கு சேர்ந்து 50-ஐத் தொட்டால், பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் அந்த நிறுவனமும் முடங்கிவிடும். இதன் பலம் டாலரில் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் டாலரும் பெரும்பாலும் நியூயார்க் வங்கி ஒன்றைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது. சூடான், ஈரான், கியூபா தொடர்பான பணத்தை அப்படி மறைத்துக் கடத்தியதற்காகப் பிரான்சின் பிஎன்பி பரிபா வங்கி 2014-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு கிட்டத்தட்ட 897 கோடி டாலர் கட்டியது.

சரி, ஆண்டுதோறும் ஏன் புதுப்பிக்க வேண்டும்? 1973-இல் அமெரிக்க செனட் குழு ஒன்று பழைய தாள்களைப் புரட்டியபோது, நான்கு அவசரநிலைகள் இன்னும் உயிரோடு இருப்பது தெரியவந்தது. அவற்றுள் ஒன்று 1933-ஆம் ஆண்டின் வங்கி நெருக்கடிக்காக ரூஸ்வெல்ட் பிறப்பித்தது! முடித்துவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதனால் 1976-இல் புதுச் சட்டம் எழுதினார்கள்: ஆண்டு நிறைவுக்கு முந்தைய 90 நாட்களுக்குள் அதிபர் நீட்டிப்பு அறிவிப்பை வெளியிட்டு நாடாளுமன்றத்துக்கும் அனுப்பாவிட்டால், அவசரநிலை தானாகக் காலாவதியாகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரு அவைகளும் கூடி, இது இன்னும் தேவையா என்று பரிசீலிக்க வேண்டும் என்றும் எழுதிவைத்தார்கள். அந்த வரி பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காய்தான். அதிபர் விரும்பாத நிலையில் அதை முடித்துவைக்க நாடாளுமன்றம் நினைத்தால், அவருடைய ரத்து (வீட்டோ) அதிகாரத்தை முறியடிக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். புதுப்பிப்பதற்கோ ஒரு கையெழுத்து போதும்.

1977-ஆம் ஆண்டுச் சட்டம் முதன்முதலில் பயன்பட்டது ஈரானுக்கு எதிராக. டெஹ்ரான் தூதரகத்தில் அமெரிக்கர்கள் பணயக் கைதிகளானதும், 1979 நவம்பர் 14 அன்று அதிபர் கார்ட்டர் அந்த அவசரநிலையை அறிவித்தார். 444 நாட்கள் சிறையிருந்த கைதிகள் 1981 ஜனவரியில் வீடு திரும்பிவிட்டார்கள். அந்த அவசரநிலைக்கோ இன்றும் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 14-க்கு முன் நீட்டிப்பு அறிவிப்பு வந்துகொண்டிருக்கிறது.