மாடியில் சோலார், வளவில் இருட்டு

கரண்ட் போனால் சோலாரும் ஏன் நிற்கிறது என்று இந்த மாதத்தில் இது மூன்றாவது போன். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். பகல் பதினொரு மணிக்கு கரண்ட் போய்விட்டது. மாடியில் 5 கிலோவாட் சோலார் இருக்கிறது, வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்வீட்டில், ஒரு ஃபேன் சுற்றவில்லை. "வெயில் இந்தக் காய் காயுது, தகடு தூங்குதா தம்பி?" என்றார்கள் ஆச்சி. போட்டது வேறொருவர், திட்டு எனக்கு.

தூங்கவில்லை ஆச்சி. அணைந்திருக்கிறது. அணையத்தான் வேண்டும்.

மானியத்தில் வீடுகளுக்குப் போடுவது பெரும்பாலும் ஆன்-கிரிட், அதாவது பேட்டரி இல்லாமல் இபி லைனோடு இணைந்தது. இபி லைனில் கரண்ட் இருந்தால்தான் அதன் இன்வெர்ட்டர் ஓடும். லைன் செத்தால் அதுவும் ஓரிரு நொடியில் நிற்கும். இதைக் கோளாறு என்று நினைத்து இன்வெர்ட்டரை மாற்றச் சொன்னவர்கள் உண்டு. கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன், லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பித்தானே கம்பியைத் தொடுகிறார்? உங்கள் மாடியிலிருந்து கரண்ட் பாய்ந்தால் அவர் கதி என்ன?

அடுத்தது, "பகலில் சேர்த்து வைத்து ராத்திரி தருதுல்ல?" இல்லை. லைனுக்குப் போகும் யூனிட்டையும் வரும் யூனிட்டையும் எண்ணும் நெட் மீட்டர் கணக்குப் புத்தகம், குதிர் அல்ல. பகலில் வரவு, இரவில் பற்று, அவ்வளவுதான். வட்டிக் கணக்கை மனதிலேயே போடும் ஊருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது! இரவில் உங்கள் ஏசிக்கு வருவது பெரும்பாலும் நிலக்கரி எரித்த கரண்ட். 2025ல் நாட்டின் மின் நிலையத் திறனில் பாதி, நிலக்கரியோ எரிவாயுவோ எரிக்காதது என்று ஆனது உண்மை. ஆனால் திறன் வேறு, ஓடும் யூனிட் வேறு. யூனிட்டில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரிதான்.

அதற்காக சோலாரே வேண்டாம் என்று சொல்லவில்லை. 3 கிலோவாட் போட்டால் நாளைக்குச் சராசரியாக 12 யூனிட் வரும். யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு மிச்சம். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியமும் உண்டு. பில் குறையும், புகை குறையும். பவர் கட்டுக்கு மட்டும் அது மருந்தில்லை. அதற்கு பேட்டரி வேண்டும், பேட்டரிக்கு அந்த மானியம் கிடையாது. இதை விற்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து 1953ல் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்த காரைக்குடி பக்கத்தில்தான் இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சியை வாசலில் வைத்துக்கொண்டு நாம் இப்படி ஏமாறுகிறோம்.

வீடு முழுக்க பேட்டரியில் ஓட்ட ஆசைப்படாதீர்கள், கட்டுப்படியாகாது. முற்றத்துக் காற்றும் தடித்த சுவரும் பாதி வேலையைப் பார்க்கும். குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் நான்கு, 9 வாட் எல்இடி ஆறு, இவற்றுக்குத் தனி லைன் இழுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டே ஆகாது. நல்ல 150 ஏஎச் பேட்டரி ஒன்று தாங்கும். பழைய 75 வாட் ஃபேனை வைத்துக்கொண்டு பேட்டரி பத்தவில்லை என்று எனக்குப் போன் செய்யாதீர்கள். வருடத்தில் பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு 5 கிலோவாட் எதற்கு என்பதையும் பங்காளிகள் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

அன்று நான் போய்ச் சேர்ந்தபோது வாடகை ஜெனரேட்டர் வந்திருந்தது. கொண்டுவந்த பையன் ஒயரை நேராக மெயின் போர்டில் சொருகப் போனான். "மெயினை மறக்காம ஆஃப் பண்ணிட்டா போதும்ணே" என்கிறான். கல்யாண வீட்டில், இருநூறு பேர் நடுவில், யார் எதை மறக்காமல் இருப்பது? மறந்தால் அந்தக் கரண்ட் தெரு ட்ரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட் ஆகும். ஜெனரேட்டர் கரண்டை இபி லைன் என்று நம்பி சோலாரும் ஓட ஆரம்பித்தால் ஜெனரேட்டரும் கெடலாம்.

இபி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரைத் தொடவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அன்று பந்தலுக்கு மட்டும் தனி ஒயர் இழுத்துக் கொடுத்தேன். வளவில் விசிறிதான். ஒன்றரை மணிக்கு கரண்ட் வந்தது, தகடும் தானாக எழுந்துகொண்டது. பந்தி அதற்குள் முடிந்திருந்தது.