குட்மார்னிங் படம் வந்தால் அப்பா நன்றாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை

போன வாரம் இன்னொரு கேஸ். 76 வயதுக்காரர், மனைவி இல்லை, தனியாக இருக்கிறார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, வலது கை பாதிக்கு மேல் தூக்க வரவில்லை, பேச்சு குழறியது. எப்போதிலிருந்து என்று கேட்டால், கூட வந்த மகளுக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை என்று அவரேதான் சைகையும் குழறலுமாகச் சொன்னார். அன்றைக்கு வெள்ளி.

"தினமும் குட்மார்னிங் படம் அனுப்பினாரே டாக்டர்!" என்று மகள் போனைத் திறந்து காட்டினார். ஆமாம், வந்திருக்கிறது. புதன் ரோஜா, வியாழன் சூரிய உதயம், வெள்ளி மறுபடியும் ரோஜா. எல்லாம் இடது கைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டவை. ஏன் கூப்பிடவில்லை என்று அவரிடம் கேட்டேன். தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தாராம், மகளுக்கு ஆபீசில் தொந்தரவு வேண்டாமாம்.

பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. மூன்று நாள் கழித்துக் கூட்டிவந்தால் நான் என்ன செய்யட்டும்? விழுந்து கிடந்தது, சாப்பிடாமல் இளைத்தது, மாத்திரையை நிறுத்தியது என்று வேறு வேறு வடிவத்தில் இதே கதை வந்துகொண்டே இருக்கிறது. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

எல்லாரும் சொல்வது ஒன்றே. "நாங்க டச்சில்தான் இருக்கோம் டாக்டர், குரூப்பில் தினமும் மெசேஜ் வருது." சரி, கொஞ்சம் யோசியுங்கள். நீல டிக் விழுந்தால் யாரோ அந்த மெசேஜைத் திறந்தார்கள், அவ்வளவுதான். திறந்தவர் கட்டிலில் இருந்தாரா, தரையில் கிடந்தாரா என்று டிக் சொல்லாது. ஃபார்வர்ட் படம் யாரோ செய்து யாரோ அனுப்பியது, அதில் உங்கள் அப்பாவுடையது என்று ஒரு எழுத்துகூட இல்லை. "சாப்டீங்களா?" என்று கேட்டு "ம்" என்று பதில் வந்தால், அது நேற்றுச் சாப்பிட்டதாகவும் இருக்கலாம். "கடைசியாகப் பார்த்தது காலை 6.10" என்பதை நாடி பார்த்த மாதிரி நம்புகிறீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முகம் பார்த்துப் பேசுவது வேறு சமாச்சாரம். அமெரிக்காவில் 60 வயது தாண்டிய 1,424 பேரை இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்த ஓர் ஆய்வில், வீடியோவில் பேசும் பழக்கம் இருந்தவர்களுக்கு மனச்சோர்வு அறிகுறிகள் வரும் வாய்ப்பு, எதையும் பயன்படுத்தாதவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதியாக இருந்தது. மின்னஞ்சல், மெசேஜ், சமூக வலைத்தளம் பயன்படுத்தியவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. வீடியோதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, பேச ஆள் இருப்பவர்களே ஏற்கெனவே தெம்பாக இருந்திருக்கலாம். ஆனால் ஐ-கனெக்ட் என்ற இன்னோர் ஆய்வில், 75 வயது தாண்டி ஒதுங்கி வாழ்ந்த 186 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு வாரம் நான்கு முறை அரை மணி நேரம் வீடியோவில் அரட்டை, எல்லாருக்கும் வாரம் ஒரு 10 நிமிட நலவிசாரிப்பு போன் என்று வைத்தார்கள். ஆறு மாதத்தில் அரட்டைக்காரர்களின் ஞாபக, சிந்தனைத் தேர்வு மதிப்பெண் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. மருந்து இல்லை, பேச்சுதான்.

"இருந்தாலும் நேரில் போகிற மாதிரி வருமா?" வராது. போக முடிந்தால் போங்கள், யார் தடுத்தது? போகவும் மாட்டேன், வீடியோவும் பிடிக்காது என்றால் எப்படி?

நோயாளி கதவிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் நாங்கள் பாதிப் பரிசோதனையை முடித்துவிடுவோம். அதில் கொஞ்சத்தை நீங்களும் போனிலேயே பார்க்கலாம். நேற்றுப் போட்ட அதே சட்டையா, கன்னம் ஒட்டியிருக்கிறதா, ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு முறை மூச்சு வாங்குகிறதா, கேட்டதையே திரும்பக் கேட்கிறாரா, பின்னால் மேசையில் மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடக்கிறதா.

எப்படிப் பேசுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேரம் குறித்துக்கொண்டு கூப்பிடுங்கள், எதிர்பார்க்க ஒன்று இருப்பதே பெரிய விஷயம். வெளிச்சம் அவர் முகத்தில் விழட்டும், ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் கருப்பு உருவம்தான் தெரியும். போனை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்ட் வாங்கிக் கொடுங்கள். காது மந்தமானவரை பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தும் குடும்பக் கூட்டத்தில் உட்காரவைத்துவிட்டு, "அம்மா பேசவே மாட்டேங்கறாங்க" என்று என்னிடம் வராதீர்கள், முதலில் காதைப் பரிசோதியுங்கள். எடுத்ததும் "மாத்திரை போட்டியா?" என்று விசாரணை வேண்டாம், தயவுசெய்து.

பிள்ளைகள் மட்டும்தான் என்றும் இல்லை. பார்கின்சன்ஸ் உள்ள ஓர் அம்மா, பழைய தோழிகள் ஐந்து பேரோடு வியாழக்கிழமை சாயங்காலம் வீடியோவில் கூடுகிறார். அந்த ஒரு நாள் மட்டும், கை நடுக்கத்தோடு அரை மணி நேரம் மெனக்கெட்டுத் தலை வாரிக்கொள்கிறாராம். நான் எழுதிக் கொடுத்த எந்த உடற்பயிற்சிக்கும் அவர் இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

வீடியோவில் ஏதோ சரியில்லை என்று பட்டால் சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு முழு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். ஒரு பக்கம் இழுத்தாலோ, கை தாழ்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே ஆம்புலன்ஸ். நீங்கள் வேறு ஊரில் இருந்துகொண்டு அவசர எண்ணை அழுத்தினால் உங்கள் ஊருக்கே போகக்கூடும், அதனால் அவர் ஊர் ஆம்புலன்ஸ் எண்ணையும் அடுத்த வீட்டுக்காரர் எண்ணையும் இன்றைக்கே போனில் போட்டு வையுங்கள்.

அந்த 76 வயதுக்காரர் இப்போது பேச்சுப் பயிற்சியில் இருக்கிறார். மகள் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோவில் வருகிறார். இவர் பழக்கதோஷத்தில் போனைக் காதில் வைத்துக்கொள்வதால் முதல் இரண்டு நிமிடம் மகளுக்குக் காது மட்டும்தான் தெரிகிறதாம். "அப்பா, முகத்தைக் காட்டுங்கப்பா" என்று அங்கிருந்து கத்திக்கொண்டிருக்கிறார்.