சொல் விளக்கம்: ரீஜென்சி

‘ரீஜென்சி ரொமான்ஸ்’ என்றதும் உயர்ந்த இடுப்பு வைத்த நீளக் கவுன், மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடனம், ஓரமாக நின்று எல்லாரையும் முறைக்கும் பணக்கார வாலிபன் என்று ஒரு படம் மனத்தில் ஓடும். ஆனால் அந்தச் சொல் பிறந்தது அரண்மனை நிர்வாகத்தில். அரசர் நோயாளியாகவோ சிறுவராகவோ இருந்து ஆள முடியாதபோது, அவர் பெயரால் இன்னொருவர் ஆள்வது ரீஜென்சி. ஆள்பவர் ரீஜென்ட். லத்தீனில் ‘ரெகெரே’ என்றால் ஆளுதல், நெறிப்படுத்துதல். லத்தீன் ‘ரெக்ஸ்’, வடமொழி ‘ராஜன்’ எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. ஆக, நம் ராஜாவும் இதற்குத் தூரத்துச் சொந்தம்தான்.

இங்கிலாந்தில் மூன்றாம் ஜார்ஜ் மனம் பிறழ்ந்து ஆள முடியாமல் போனதால், 1811 பிப்ரவரியில் அவர் மகன் ரீஜென்ட் ஆனார். 1820 ஜனவரியில் தந்தை இறக்க, மகனே நான்காம் ஜார்ஜாக அரியணை ஏறினார். கணக்குப் பார்த்தால் ஒன்பது வருடம்கூட முழுதாக இல்லை. ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் ஆறு நாவல்களும் இந்த இடைவெளியில்தான் அச்சேறின. நான்கு அவர் இருந்தபோது, இரண்டு 1817இல் அவர் இறந்த சில மாதங்களில். ஆனால் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ முதல் வரைவை அவர் எழுதியது 1796-97இல், ரீஜென்சி வருவதற்கு வெகு முன்னால்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அந்த இளவரசரை ஆஸ்டினுக்கு அறவே பிடிக்காது. இளவரசரின் மனைவி கரோலினுக்குத் தன் ஆதரவு உண்டு, காரணம் அவள் ஒரு பெண், அவள் கணவனை நான் வெறுக்கிறேன் என்று 1813இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இளவரசரோ ஆஸ்டினின் வாசகர்! அரண்மனை நூலகர் குறிப்புக் காட்ட, 1815 டிசம்பரில் வந்த ‘எம்மா’வை வேறு வழியின்றி அவருக்கே சமர்ப்பிக்க வேண்டியதாயிற்று. கடைசியில் அந்த ஆளின் பதவிப்பெயரே ஆஸ்டினின் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் அடையாளமாகிவிட்டது. அந்தக் காலத்தில் கதையை நிறுத்திப் பின்னாளில் எழுதும் காதல் நாவல் வகைக்கு வழி போட்டவர் ஜார்ஜெட் ஹேயர். அவருடைய ‘ரீஜென்சி பக்’ 1935இல் வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? சிலர் ‘அரசப் பிரதிநிதி’ என்று எழுதுகிறார்கள். அது வைஸ்ராய்க்குப் பழகிப்போன சொல், குழப்பம்தான் வரும். எனக்குச் சரியாகப் படுவது ‘காப்பாட்சி’. பேரன் விஜயரங்க சொக்கநாதர் கைக்குழந்தையாக இருந்ததால் 1689இல் மதுரையின் பொறுப்பை ஏற்ற ராணி மங்கம்மாளைக் காப்பாட்சியாளர் என்று குறிப்பது வழக்கம். ‘காப்பாட்சியர்’ என்று சுருக்கினால் மட்டும் அருங்காட்சியக அதிகாரி குறுக்கே வந்துவிடுவார். வரலாற்றுக்குக் ‘காப்பாட்சிக் காலம்’, நாவல் வகைக்கு ‘ரீஜென்சி காதல் நாவல்’ என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதைத் தமிழாக்க வேண்டும் என்று நான் அடம்பிடிக்க மாட்டேன்.

ஆஸ்டினின் கதைகளை இன்றைய காலத்துக்குக் கொண்டுவந்து திரும்ப எழுதுவதற்குத் ‘தழுவல்’ போதாதா என்று கேட்கலாம். துப்பறியும் நாவலாசிரியர் ஆரணி குப்புசாமி முதலியார் காலத்தில் ஆங்கில நாவலின் பாத்திரங்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டிக் கொடுத்ததுதான் தழுவல். அதில் மூலத்தை வாசகர் அறிந்திருக்கத் தேவையில்லை. நான் சொல்லும் வகைக்கு ‘மறுபுனைவு’ பொருத்தம். இதில் மூலம் தெரிந்தவருக்குத்தான் முழு ருசி: அன்றைய தடைக்கு இன்று எதை மாற்றாக வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போவது.

2000இல் வந்த ராஜீவ் மேனனின் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ இதற்கு நல்ல உதாரணம். ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யில் சொத்து ஆண் வாரிசுக்குப் போய், தாயும் மகள்களும் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். படத்தில் தாத்தாவின் உயில் அதே வேலையைச் செய்கிறது. நாவலின் கர்னல் பிராண்டன், போரில் காலை இழந்த மேஜர் பாலா ஆகிறார். நான் மிகவும் ரசித்தது நாவலில் வரும் வில்லபிக்குக் கிடைத்த வடிவம். பணத்துக்காகக் காதலியைக் கைவிடும் அவன், இங்கே மக்கள் பணத்தைப் போட்டு வைத்த நிதி நிறுவனம் கவிழ்ந்துபோன ஸ்ரீகாந்த். தொண்ணூறுகளில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்ததைப் பார்த்த தமிழ்நாட்டுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

‘எம்மா’வை பெவர்லி ஹில்ஸ் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன ‘க்ளூலெஸ்’ (1995) படம் இன்னொரு வகை. அங்கே வறுமைப் பயம் கிடையாது, வர்க்கத் திமிரும் மற்றவர்களுக்கு ஜோடி சேர்த்துவைக்கும் ஆசையும் அப்படியே உண்டு. அப்புறம் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ கதையை இன்றைய லண்டனுக்குக் கொண்டுவந்த ‘பிரிட்ஜெட் ஜோன்ஸ்’. அந்த நாவலின் பிபிசி தொடரில் நாயகன் டார்சியாக நடித்த காலின் ஃபிர்த்தையே 2001 படத்தில் மார்க் டார்சியாகப் போட்டது கொஞ்சம் குறும்பு.

நெட்ஃபிளிக்ஸ் தொடர் ‘பிரிட்ஜர்டன்’ இந்தப் பட்டியலில் சேராது. ஆஸ்டினின் எந்தக் கதையையும் அது திரும்பச் சொல்லவில்லை, ஜூலியா க்வின் நம் காலத்தில் எழுதிய நாவல்களிலிருந்து வந்தது. 1813இல் தொடங்கும் கதை என்பதால் அது ரீஜென்சி காதல் கதை, அவ்வளவுதான்.