பவர் கண்ணாடி போட்டவருக்குப் பாதுகாப்புக் கண்ணாடி: கையெழுத்துப் போடும் முன்

கோவைப் பக்கத்து ஃபவுண்டரிகளில் பிசிறு எடுக்கும் வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வார்ப்பைச் சாணைக்கல்லில் அழுத்தியதும் பொறி ஆள் உயரத்துக்குத் தெறிக்கும். அந்த வேலையில் இருபது வருடம் நின்ற ஒருவர் மனு எழுத என்னிடம் வந்தார். வெள்ளெழுத்து வந்து கண்ணாடி போட்டவர். கம்பெனி கொடுத்த காகிள்ஸ் அவருடைய பவர் கண்ணாடியின் மேல் உட்காரவில்லை. பவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காகிள்ஸை மட்டும் போட்டால் வெர்னியர் என்ற அளவுக் கருவியில் கோடு தெரியவில்லை. அதனால் தேய்க்கும்போது காகிள்ஸ், அளவு பார்க்கும்போது அதை நெற்றிக்குத் தூக்கிவிடுவது என்று பழகிக்கொண்டார். அப்படித் தூக்கியிருந்த ஒரு நொடியில் பக்கத்துச் சாணையிலிருந்து பறந்த பொடி கருவிழியில் ஏறிவிட்டது. நிர்வாகம் சொன்ன பதில் ஒரே வரிதான்: “காகிள்ஸ் கொடுத்திருக்கிறோம், வாங்கியதற்கு அவர் கையெழுத்து இருக்கிறது.”

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, துகள் தெறிக்கும் வேலையிலும் கண்ணைக் கூசவைக்கும் ஒளியுள்ள வேலையிலும் தடுப்போ ‘ஏற்ற’ கண்ணாடியோ கொடுக்க வேண்டும் என்று விதி போட மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. வேலை செய்பவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்து. 21 நவம்பர் 2025 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. “பழைய சட்டமே போய்விட்டது, இனி ஒன்றும் கேட்க முடியாது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புதியதோடு முரண்படாத வரை பழைய விதிகள் தொடரும்.

நம் சட்டத்தின் அந்தப் பிரிவில் பவர் கண்ணாடி பற்றிப் பேச்சே கிடையாது. அமெரிக்க விதியில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள்: பார்வைக் குறை உள்ளவருக்குப் பவர் சேர்த்துச் செய்த பாதுகாப்புக் கண்ணாடி, இல்லையென்றால் பவர் கண்ணாடி நகராமல் அதன் மேல் அணியக்கூடிய கண்ணாடி. இங்கே நமக்கு இருக்கும் ஒரே பிடி ‘ஏற்ற’ என்ற அந்தச் சொல். போட்டால் வேலை தெரியாத கண்ணாடி ஏற்ற கண்ணாடி ஆகாது. நிர்வாகத்துக்குக் கொடுக்கும் மனுவில் இதைத்தான் எழுத வேண்டும். “எனக்குக் கண்ணாடி தரவில்லை” என்று எழுதினால், அடுத்த நாளே பெட்டியிலிருந்து ஒரு காகிள்ஸை எடுத்துக் கையில் கொடுத்துக் கோப்பை மூடிவிடுவார்கள். “கொடுத்த காகிள்ஸ் என் பவர் கண்ணாடியின் மேல் பொருந்தவில்லை, அதை மட்டும் அணிந்தால் அளவு தெரியவில்லை” என்று எழுதுங்கள். கண் மருத்துவர் கொடுத்த பவர் சீட்டின் நகலை இணையுங்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு முத்திரையோ கையெழுத்தோ வாங்குங்கள். தர மறுத்தால், பெற்றதற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்).

மனுவுக்கும் கையெழுத்துக்கும் ஏன் இவ்வளவு அழுத்தம் என்று கேட்பீர்கள். பாதுகாப்புக்காகக் கொடுத்த சாதனத்தைத் தொழிலாளி வேண்டுமென்றே ஒதுக்கியதால்தான் காயம் என்றால், உயிரிழப்போ நிரந்தர முழு ஊனமோ இல்லாதபோது முதலாளிக்கு இழப்பீட்டுப் பொறுப்பு இல்லை என்று 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது அப்படியே வந்திருக்கிறது. ஒரு கண் போவது ‘முழு ஊனம்’ கணக்கில் வராது. ஒரு கண்ணின் பார்வை போய், மற்றது நன்றாக இருந்தால், அட்டவணைப்படி சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்புதான். ஆகவே, தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் நீங்கள் இல்லையென்றால், விலக்கு நேராக உங்கள் மீதுதான் பாயும். உங்கள் மனு மட்டுமே ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லை உடைக்கும். பொருந்தாத காகிள்ஸுக்குக் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், கையெழுத்தின் பக்கத்திலேயே “பவர் கண்ணாடி மேல் பொருந்தவில்லை” என்று எழுதுங்கள். சூப்பர்வைசர் முறைப்பார். முறைக்கட்டும்.

அடுத்த சிக்கல் ஆள் எண்ணிக்கை. புதிய தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பில் மின்சாரம் பயன்படுத்தும் இடம் ‘தொழிற்சாலை’ ஆக 20 பேர் வேண்டும். முன்பு 10 போதும். பீளமேடு, கணபதி, குறிச்சிப் பக்கம் ஜாப் ஒர்க் பட்டறைகளில் பல இந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடும். ஆனால் 10 பேர் இருந்தாலே அது ‘நிறுவனம்’. பணியிடத்தை ஆபத்தில்லாமல் வைக்கும் பொதுக் கடமை அங்கேயும் முதலாளிக்கு உண்டு. “இருபது பேர் இல்லையே” என்று புகார் வாங்கும் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள். ஒரே ஷெட், ஒரே மின் இணைப்பு, நடுவில் ஒரு தகரத் தட்டி, அண்ணன் பெயரில் ஒரு கம்பெனி, மைத்துனர் பெயரில் இன்னொன்று என்று தலையைப் பிரித்து வைத்திருப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அங்கே இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுப்பதுதான் வழி. ஐந்து பேர் பட்டறையில் இருப்பவருக்குச் சட்டத்தைக் காட்டி வாங்கித் தர என்னால் முடிந்ததில்லை. முதலாளியிடம் நேரில் பேசித்தான் வாங்கியிருக்கிறோம்.

காண்ட்ராக்ட் ஆள் என்பதால் கண்ணாடி கிடையாது என்பது பச்சைப் பொய். தொழிற்சாலைகள் சட்டம் காண்ட்ராக்டர் வழியாக வந்தவரையும் ‘தொழிலாளி’ என்றே சொன்னது. “பாதிக் காசு நீ போடு” என்பதும் செல்லாது. பழைய சட்டத்தின் 114-ஆம் பிரிவு அதைத் தடுத்தது. புதிய தொகுப்பின் 6-ஆம் பிரிவும் பாதுகாப்புக்காகக் கொடுப்பது எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்கிறது. சம்பளச் சீட்டில் ‘சேஃப்டி’ என்று பிடித்தம் இருந்தால் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

இ.எஸ்.ஐ.யிலும் நல வாரியங்களிலும் கிடைக்கும் கண்ணாடி வேறு. அது வீட்டில் பேப்பர் படிக்கிற கண்ணாடி. அதைக் காட்டி “உங்களுக்குத்தான் கண்ணாடி கிடைத்துவிட்டதே” என்று கம்பெனி கைகழுவும். சாதாரண லென்ஸ் தெறிப்பைத் தாங்காது. உடைந்தால் அதுவே கண்ணுக்குள் போகும். பவர் சீட்டு வாங்க இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போங்கள், அதற்கு அது நல்ல இடம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து பிடித்தம் நடந்தால் உங்களுக்கு உரிமை உண்டு. சீட்டில் இரண்டு கருவிழிகளுக்கு இடையிலான தூரத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அது இல்லாமல் ஆப்டிக்கல் கடையில் இன்னொரு நாள் அலைய வேண்டும், அரை நாள் சம்பளம் போகும்.

புகார் கொடுக்கும் இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் இணை இயக்குநர் அலுவலகம். தொழிலாளர் துறைக்குப் போனால் இங்கே அனுப்புவார்கள். இங்கே வந்தால், எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு அங்கே அனுப்புவார்கள். ஓர் அலுவலகத்தில் என்னை மூன்று முறை மேசை மேசையாக நகர்த்தி, கடைசியில் “இது இ.எஸ்.ஐ. விஷயம்” என்றார்கள். வாயால் சொல்லும் பதிலுக்கு மதிப்பில்லை. “எங்கள் வரம்பில் வராது என்பதை எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். பலமுறை அந்த வாக்கியத்துக்குப் பிறகுதான் மனு எண் கிடைத்திருக்கிறது.

புகார் கொடுத்தவர் பெயரை ஆய்வாளர் வெளியே சொல்லக்கூடாது என்று பழைய சட்டத்தில் 118-ஏ என்ற பிரிவே இருந்தது. சாணைப் பிரிவில் கண்ணாடி போட்ட ஆள் ஒருவர்தான் என்றால் பெயரை யார் சொல்ல வேண்டும்? அதனால் பவர் கண்ணாடி பற்றி மட்டும் புகார் எழுதாதீர்கள். சாணைத் தடுப்பு, தூசி, வெளிச்சம் எல்லாவற்றையும் சேர்த்துப் பிரிவு முழுவதும் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

கண்ணாடி வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. சாதாரண ஃபிரேமில் பாலிகார்பனேட் லென்ஸ் போட்டுப் ‘பாதுகாப்புக் கண்ணாடி’ என்று கொடுத்துவிடுவார்கள். லென்ஸ் மட்டும் போதாது. அடி பட்டால் லென்ஸ் உள்பக்கம் கழன்று விழாத ஃபிரேமும் பக்கத் தடுப்பும் வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 5983 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கத் தரத்தில் வந்தது என்றால், பவர் போடத் தகுந்த ஃபிரேமில் ‘இசட் 87-2’ என்று பொறித்திருக்கும். பிறகு அதைப் போட்டுக்கொண்டு சாணை முன் நின்று, குனிந்து, வெர்னியரில் ஓர் அளவு படியுங்கள். கோடு தெரிந்தால் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுங்கள். தேதியை நீங்களே எழுதுங்கள்.