எம்பாஸிங்: தமிழில் என்ன சொல்வது?

கையால் வாழ்த்து அட்டை செய்கிறவர்கள் ஓயாமல் புழங்கும் சொற்கள் இரண்டு: ஸ்டாம்பிங் (மை தொட்ட அச்சால் உருவம் பதிப்பது), எம்பாஸிங் (உருவத்தை மேடாக எழுப்புவது). தமிழில் எழுதும்போது எம்பாஸிங்குக்குப் பலரும் "பொறித்தல்" என்று போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பொறித்தல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கல்லில் வெட்டிய எழுத்தும் செப்பேட்டில் கீறிய வரியும்தான், அதாவது பரப்புக்குக் கீழே இறங்குகிற வேலை. எம்பாஸிங்கில் நடப்பது அதற்கு நேர் எதிர், உருவம் தாளை விட்டு மேலே எழும்ப வேண்டும். விரலால் தடவினால் மேடு தட்டுப்பட வேண்டும்.

இதற்குச் சரியான சொல் புடைப்பு. புதிதாக உருவாக்க வேண்டிய அவசியமே இல்லை, ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசை எல்லோரும் புடைப்புச் சிற்பம் என்றுதான் சொல்கிறோம். கோபத்தில் நரம்பு புடைக்கிறது, அடிபட்ட இடம் புடைத்துக்கொள்கிறது. உள்ளிருந்து வெளியே தள்ளி எழுவதெல்லாம் புடைப்பு. சிற்பத்தில் சுற்றியுள்ள கல்லைச் செதுக்கி எடுத்து உருவத்தை மேலே நிறுத்துகிறார்கள், தாளில் பின்பக்கமிருந்து அழுத்தி மேலே தள்ளுகிறோம். வழி வேறாக இருந்தாலும் கண்ணும் விரலும் உணர்வது ஒன்றேதான்.

ஆங்கிலச் சொல்லின் வேரைப் பார்த்தால் இந்தப் பொருத்தம் இன்னும் தெளிவாகும். எம்பாஸ் என்பது பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதற்குள் இருக்கும் "பாஸ்" என்பதற்கு வீக்கம், திமில், குமிழ் என்று பொருள். இன்றைய பிரெஞ்சிலும் ஒட்டகத்தின் திமிலுக்கு "போஸ்" என்றுதான் பெயர். கேடயத்தின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் உலோகக் குமிழையும் ஆங்கிலத்தில் பாஸ் என்பார்கள். அலுவலகத்தில் நாம் சொல்லும் பாஸ் டச்சு மொழியிலிருந்து வந்த வேறு சொல், இரண்டுக்கும் உறவில்லை. ஆக எம்பாஸ் என்றால் "வீங்கச் செய்தல்", அவ்வளவுதான். புடைப்பு என்பதும் அதேதான்.

ஸ்டாம்ப் கதை இதைவிடச் சுவையானது. அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஆதியில் இருந்த பொருள் உரலில் போட்டு இடித்தல், குத்துதல். காலால் ஓங்கி மிதிப்பதும், அச்சை அழுத்தி அடையாளம் பதிப்பதும் அப்புறம் வந்து சேர்ந்தவை. தமிழில் நாம் நெல்லும் குத்துகிறோம், முத்திரையும் குத்துகிறோம். ஒரே வினைச்சொல். யாரும் யாரிடமும் கடன் வாங்காமல் இரண்டு மொழிகளும் ஒரே கை அசைவைப் பார்த்து ஒரே மாதிரி பெயர் வைத்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி தரும் விஷயம்.

அப்படியென்றால் அஞ்சல்தலைக்கு ஏன் ஸ்டாம்ப் என்ற பெயர்? அதை ஒட்டத்தானே செய்கிறோம்? வரி கட்டியதற்கு அடையாளமாகத் தாளிலேயே அழுத்திப் பதித்த குறிக்குத்தான் பிரிட்டனில் முன்பு ஸ்டாம்ப் என்று பெயர். 1840-இல் உலகின் முதல் ஒட்டும் அஞ்சல்தலையான பென்னி பிளாக் வந்தபோது ஒட்டும் துண்டுக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. பத்திரப் பதிவுக்கு நாம் வாங்கும் முத்திரைத்தாளில் அந்தப் பழைய பொருள் இன்னும் அப்படியே இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் அஞ்சல்தலையை முத்திரை என்றே சொல்கிறார்கள்.

புடைப்பும் முத்திரையும் ஒரே துண்டில் சேர்ந்த அருமையான சான்று ஒன்று உண்டு. 1852 ஜூலை 1 அன்று, இன்று பாகிஸ்தானில் இருக்கும் சிந்துப் பகுதியில் வெளியான "சிந்து டாக்" அஞ்சல்தலைகள். ஆசியாவிலேயே முதல் அஞ்சல்தலை அவைதான், விலை அரை அணா. சிவப்பு அரக்கு வில்லையில் பதித்தது எளிதில் நொறுங்கியது. வெள்ளைத் தாளில் மையே இல்லாமல் வெறும் புடைப்பாக அடித்தது மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்புறம் நீல மையோடு அடித்தார்கள். வெள்ளை அட்டையில் வெள்ளையாகப் புடைப்பு வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகவே தெரியும். பக்கவாட்டு வெளிச்சம் விழுந்தால்தான் அந்த அழகு வெளியே வரும், நேர் வெளிச்சத்தில் வெற்று அட்டைதான்.

முத்திரை வடமொழியிலிருந்து வந்தது. இலச்சினையும் அப்படியே. தமிழிலேயே வேண்டுமென்றால் பொறி இருக்கிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கக்காரர்கள் மூட்டைகளின்மேல் புலிச்சின்னம் பொறித்து வெளியே அனுப்புகிறார்கள், சுத்தமான ஸ்டாம்பிங் வேலை. ஆனால் இன்றைக்குப் பொறி என்றால் இயந்திரம், தீப்பொறி, எலிப்பொறி என்று பல திசையில் போய்விடும். அதனால் என் பரிந்துரை இது: கையில் பிடிக்கும் கருவிக்கு அச்சு அல்லது அச்சுக்கட்டை, செய்யும் வேலைக்கு அச்சுப் பதித்தல். முத்திரை குத்துதல் என்பதும் தவறில்லை, ஆனால் அது அலுவலக வாசனை அடிக்கும் தொடர். பூவும் பறவையும் பதிக்கும் வேலைக்கு அச்சு என்பதே இதமாக இருக்கிறது.

இனி புடைப்பின் வகைகள். கைவினைக்காரர்கள் இரண்டு வெவ்வேறு வேலைகளை எம்பாஸிங் என்ற ஒரே பெயரில் அழைப்பதால் புதிதாகக் கற்பவர்கள் குழம்பிப்போகிறார்கள்.

முதலாவது டிரை எம்பாஸிங். இதில் மையும் கிடையாது, சூடும் கிடையாது, தாளே புடைக்கிறது. உருவம் வெட்டிய பித்தளைத் தகட்டை அட்டையின் முன்பக்கத்தில் ஒட்டி, இரண்டையும் சேர்த்துக் கவிழ்த்து, கீழிருந்து வெளிச்சம் வரும்படி வைத்து (பகலில் ஜன்னல் கண்ணாடியே போதும்) நுனி உருண்டையான கருவியால் விளிம்பை ஒட்டி அழுத்திக்கொண்டே போக வேண்டும். பின்பக்கமிருந்து வேலை செய்வதால் எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும், திருப்பினால் நேராகிவிடும். பிரெய்ல் எழுத்தைத் தகடும் ஊசியும் வைத்துக் கையால் எழுதுகிறவர்களும் இப்படித்தான், வலமிருந்து இடமாகப் பின்பக்கம் குத்துவார்கள், முன்பக்கம் இடமிருந்து வலமாகப் புள்ளிகள் எழும்பும். ரொம்ப மெல்லிய தாள் கிழியும், 200 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) அட்டை சரியாக இருக்கும். இதை அழுத்துப் புடைப்பு என்று சொல்லலாம். "உலர் புடைப்பு" என்று மொழிபெயர்த்தால் ஈரப் புடைப்பு என்று ஒன்று இருக்குமோ என்ற கேள்வி வரும்.

இரண்டாவது ஹீட் எம்பாஸிங். உண்மையில் இதில் தாள் புடைப்பதே இல்லை. தாளின் மேல் உருகி உறைந்த பிசின்தான் மேடாக நிற்கிறது. மெதுவாகக் காயும் பிசுபிசுப்பான மையில் அச்சைத் தொட்டு அட்டையில் பதித்து, ஈரம் போகும் முன் எம்பாஸிங் பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டி மறுபடி டப்பாவிலேயே கொட்டிவிட்டு, ஹீட் கன் என்ற சூடான காற்று ஊதும் கருவியால் சூடு காட்டுவார்கள். தலைமுடி காயவைக்கும் டிரையர் இதற்கு உதவாது, சூடு போதாது, காற்று தூளை ஊதித் தள்ளிவிடும். சூடு ஏற ஏற மணல் மணலாகத் தெரிந்த தூள் ஓர் ஓரத்தில் திடீரென்று மினுங்கும், அந்த மினுமினுப்பு வரி வரியாக நகர்ந்து உருவம் முழுக்கப் பரவும். பரவி முடிந்த கணத்திலேயே கையை எடுத்துவிட வேண்டும், இன்னும் காட்டினால் பிசின் தாளுக்குள் இறங்கி எண்ணெய்க் கறை போல மங்கிவிடும், அட்டையும் வளையும். இதற்கு உருக்குப் புடைப்பு என்ற பெயர் பொருந்தும். வெப்பப் புடைப்பு என்றும் சிலர் எழுதக்கூடும், ஆனால் வேலையின் உயிர் உருகுவதில்தான் இருக்கிறது.

கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் மேடாக எழும்பி நிற்பது அழுத்துப் புடைப்பு, ஒன்றோடொன்று பொருந்தும் மேட்டு அச்சு, பள்ள அச்சு இரண்டுக்கும் நடுவில் அட்டையை வைத்து நசுக்கி எடுப்பது. சில விசிட்டிங் கார்டுகளில் எழுத்து மட்டும் வழவழவென்று தடித்திருக்குமே, அது பெரும்பாலும் தூளை உருக்கிச் செய்தது, உருக்குப் புடைப்பின் அச்சகத்து வடிவம். எதிர்ப்பக்கம் பள்ளமாக அழுத்தும் டிபாஸிங்குக்குக் குழிப்பு போதும்.

தமிழ் எழுத்தை இப்படிப் புடைக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. கையால் ரப்பரில் அச்சு வெட்டும்போது எழுத்தை இடவலம் மாற்றி வெட்ட வேண்டும் என்பது தெரிந்ததே. அதோடு ண, ழ போன்ற சுழியுள்ள எழுத்துகளைச் சற்றுப் பெரிதாகவே வெட்டுங்கள். பருமனான தூள் உருகும்போது சுழியை அடைத்துவிடும், ஒற்றின் புள்ளி பக்கத்து வரியோடு ஒட்டிக்கொள்ளும். மிக நைஸான தூள் தனியாகக் கிடைக்கிறது, "வாழ்த்துகள்" என்று பதிக்க அதைத்தான் வாங்க வேண்டும்.